ஏட்டுப் பெட்டி: வை. மு. கோ. அம்மையாரும் நம் வீட்டுப் பரண்களும்

சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றில் அன்பர் ஒருவர் சற்றுக் கடுமையாகவே வினவியிருந்தார். "பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தால் அதில் பெருமை உண்டு. பாட்டிமார் படித்த நாவல்களையும், அவற்றை எழுதியவரைப் பற்றிய துண்டுப் புத்தகங்களையும் சேர்ப்பதால் யாருக்கு என்ன பயன்? பம்பாய் வீட்டில் ஆளுக்கு இடமில்லாதபோது அட்டை கிழிந்த நாவலுக்கு இடம் எங்கே?" என்பது அவருடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. ஒற்றை அறையும் ஒரு சமையற்கட்டுமாக வாழும் குடும்பங்கள் நம்மில் பல. தாராவி முதல் டோம்பிவிலி வரையில் நம் மக்கள் வாழும் வீடுகளில் பரண் என்பது பெரிய செல்வம். அதில் பாதியைப் பழைய காகிதத்துக்கு விட்டுக்கொடு என்று கேட்பவன் தக்க காரணம் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணத்தை இம்மாதம் ஓர் அம்மையாரின் வரலாற்றைக் கொண்டு சொல்ல விரும்புகிறோம்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் என்ற பெயரை நம் சங்கத்து மூத்த அங்கத்தினர் அறிவர். இளைஞர்களுக்கு அப்பெயர் புதிதாக இருக்கலாம். வை. மு. என்பது வைத்தமாநிதி முடும்பை என்ற குடும்பப் பெயரின் சுருக்கம். அம்மையார் 1901ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நாள் பிறந்தார். தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். ஐந்தரை வயதில் சென்னைத் திருவல்லிக்கேணியில் வை. மு. பார்த்தசாரதி என்பவருக்கு மணம் செய்விக்கப்பட்டார். பள்ளிக்கூடம் என்பதையே அவர் கண்டதில்லை. புகுந்த வீட்டில் கேட்ட கதைகளும், திருவாய்மொழி முதலிய பாசுரங்களும், கணவருடன் சென்று பார்த்த நாடகங்களுமே அவருக்குக் கல்வி.

பக்கத்து வீட்டுக் குழந்தைகளைக் கூட்டிவைத்துக் கதை சொல்வதில் அவர் வல்லவர். நாளடைவில் பெரியவர்களும் அக்கதைகளைக் கேட்க வந்து அமர்ந்தார்கள். தாமே சரளமாக எழுதும் பயிற்சி அப்போது அவருக்கு இல்லை. ஆகவே அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுத, 'இந்திர மோகனா' என்னும் நாடகம் உருவாயிற்று. அது 1924ஆம் ஆண்டில் அச்சேறியது. எழுதத் தெரியாத ஒரு பெண் எழுத்தாளராக ஆன கதை இது. வியப்பு இதனோடு நிற்கவில்லை.

அந்நாளில் துப்பறியும் நாவல்களால் பெரும்புகழ் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கம் அம்மையாருக்குக் கிடைத்தது. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை 1925ஆம் ஆண்டில் அவர் விலைக்கு வாங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்தலானார். அவருடைய முதல் நாவலாகிய 'வைதேகி' அதில் தொடர்கதையாக வந்தது. சுமார் 35 ஆண்டுகள் அந்த இதழ் நடந்தது. பின்னாளில் அதற்கென்று சொந்த அச்சகமும் ஏற்பட்டது. அவர் எழுதிய நாவல்களின் எண்ணிக்கை 115 என்று கணக்கிடுகிறார்கள்.

காந்தியடிகளிடம் பற்றுக்கொண்டு பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி பகிஷ்காரத்திலும் ஈடுபட்டு 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார். சிறைக்குள்ளும் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை. 'சோதனையின் கொடுமை' என்ற நாவல் அங்கே பிறந்தது. மேடையில் பாடுவார், பேசுவார். அவருடைய 'அனாதைப் பெண்' நாவல் 1938இல் திரைப்படமாயிற்று. 1948இல் காந்தியடிகள் மறைந்த பின்பு திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கிப் பெண்களுக்குத் தொண்டு செய்தார். 1956இல் ஒரே மகனை இழந்தார். அத்துயரிலிருந்து அவர் முழுவதும் மீளவில்லை. காசநோய் பற்றி 1960ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மறைந்தார்.

இத்தகைய ஒருவருடைய எழுத்து எங்கே கிடைக்கிறது? இன்று புத்தகக் கடைக்குச் சென்று 115 நாவல்களில் பத்தைக் கேட்டால் கிடைப்பது அருமை. காரணங்கள் மூன்று.

முதலாவது, அவர் எழுதியவை பெரும்பாலும் மாத இதழில் தொடராக வந்தவை. மாதம் ஒன்று என்ற கணக்கில் பார்த்தால் 400க்கு மேற்பட்ட இதழ்கள் வெளிவந்திருக்க வேண்டும். மாத இதழை யாரும் புத்தகம் போலப் போற்றுவதில்லை. படித்தபின் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கிருந்து அடுப்பங்கரைக்குப் போகும். முடிவில் பொட்டலக் கடைக்குப் போகும்.

இரண்டாவது, காகிதத்தின் இயல்பு. மலிவுப் பதிப்புகளுக்குப் பயன்பட்ட மரக்கூழ்க் காகிதத்தில் அமிலத்தன்மை உண்டு. அறுபது, எழுபது ஆண்டுகளில் பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம்போல் ஒடியும். இரண்டாவது உலகப் போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு ஏற்பட்டமையால் அக்காலத்து ஏடுகள் இன்னும் மெலிந்தவை.

மூன்றாவது காரணம் மனத்தைப் பற்றியது. இவை வெறும் பொழுதுபோக்குக் கதைகள், பெண்கள் மதிய வேளையில் படிப்பவை என்று படித்தவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். நூலகங்கள் வேண்டி வாங்கவில்லை. கல்லூரிகள் பாடமாக வைக்கவில்லை. ஒருவரை இலக்கியகர்த்தர் என்று ஏற்றுக்கொண்டால் அவரைப் பற்றிப் பத்து நூல்கள் வரும். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அவரைப் பற்றி வருவன துண்டுப் பிரசுரங்களும், மலர்க் கட்டுரைகளும், சிறு நூல்களுமே. அவையும் சில நூறு படிகளோடு நின்றுவிடும். ஆகவே, எழுதியவை பரவலாகப் படிக்கப்பட்டும், எழுதியவரைப் பற்றியவை அரிய பொருளாகிவிட்டன. இந்த முரண்பாடுதான் நம்மைப் போன்றோரைத் தேடலில் இறக்கியது.

எவ்வகைச் சிறு வெளியீடுகளைத் தேட வேண்டும் என்பதைச் சொல்கிறோம்.

கைக்கு எளிதில் எட்டக்கூடியது சாகித்திய அகாதெமியின் 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' வரிசையில் இரா. பிரேமா எழுதிய சிறு நூல். அம்மையாரின் வாழ்க்கையையும் எழுத்தையும் ஒருசேர அறிய விரும்புவோர் இதிலிருந்தே தொடங்கலாம். அகாதெமிக்கு மும்பையில் தாதரிலும் அலுவலகம் உண்டு. இவ்வரிசை நூல்கள் தீர்ந்துபோனால் அடுத்த பதிப்பு எப்போது வரும் என்று காத்திருக்க நேரும். ஆகவே கண்டபோதே வாங்கிவிடுவது நல்லது.

அடுத்தவை திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள். அக்காலத்தில் கொட்டகை வாயிலில் சில காசுகளுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. அவற்றில் பாட்டுகளோடு கதைச் சுருக்கமும், நடிகர் பட்டியலும், கதாசிரியர் பெயரும் இருக்கும். கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். 1966இல் வெளிவந்த 'சித்தி' திரைப்படம் அம்மையாரின் 'தயாநிதி' நாவலைத் தழுவியது. அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப் பின் வந்த அப்படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் கதை யாருடையது என்பதைக் கவனித்திருப்பார்கள்? அதைச் சொல்லும் சான்றாகப் பாட்டுப் புத்தகம் நிற்கிறது.

மூன்றாவது வகை பலரும் எண்ணிப் பாராதது. நாவலின் கடைசிப் பக்கங்களிலும் பின்னட்டையிலும் அச்சிடப்பட்ட விலைப் பட்டியல். எந்த ஆண்டுக்குள் எந்த நாவல் வெளிவந்துவிட்டது, எது விற்றுத் தீர்ந்தது, என்ன விலை என்பனவற்றை அப்பட்டியல்களே சொல்லும். ஆராய்ச்சியாளர் இவற்றைத் தேடி அலைகிறார்கள். நம் வீட்டாரோ அட்டை கிழிந்துவிட்டது என்று அதை முதலில் வீசுகிறார்கள்.

நான்காவது, ஆண்டு மலர்கள். அம்மையாரின் நூற்றாண்டு 2001இல் நிறைந்தது. பல ஊர்த் தமிழ்ச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் வெளியிடும் மலர்களில், விளம்பரங்களுக்கு நடுவே, ஒரு பக்கக் கட்டுரையாக இத்தகைய முன்னோடிகளைப் பற்றிய குறிப்புகள் ஒளிந்துகிடக்கும். மலர் என்றால் விளம்பரம்தானே என்று புரட்டாமல் எறிந்துவிடக் கூடாது.

இனி, எங்கே தேடுவது?

சென்னையில் பழைய புத்தகம் என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் என்பார்கள். 1985இல் அது தீக்கிரையாயிற்று. அன்று சாம்பலான தமிழ் ஏடுகளுக்குக் கணக்கில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்நாள் முழுவதும் தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்தார். நாடக நோட்டீஸ், திருமண அழைப்பு, மலிவு நாவல் எதையும் அவர் தள்ளவில்லை. அவர் 1992இல் மறைந்த பின்பு அத்தொகுதி சிகாகோப் பல்கலைக்கழகத்தின் உதவியோடு காக்கப்பட்டு, 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது. பாட்டிமார் படித்தவற்றைச் சேர்ப்பதில் என்ன பயன் என்று கேட்ட அன்பருக்கு இதுவே ஒரு விடை. இன்று பெண்களின் எழுத்தைப் பற்றியும் பழைய நாடகத்தைப் பற்றியும் ஆராய்பவர் அந்நூலகத்தின் படிகளை ஏறியாக வேண்டியிருக்கிறது.

ஆயினும் எல்லாவற்றுக்கும் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை. 1954ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் நான்கு நூலகங்களுக்குச் சேர வேண்டும். கல்கத்தாவின் தேசிய நூலகம், சென்னையின் கன்னிமாரா நூலகம், மும்பையின் மைய நூலகம், டெல்லிப் பொது நூலகம் ஆகியவையே அவை. நான்கில் மூன்று தமிழகத்துக்கு வெளியே, நம்மவர் பெருவாரியாக வாழும் நகரங்களில் இருப்பதைக் கவனியுங்கள். பதிப்பாளர் எல்லோரும் தவறாமல் அனுப்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் 1954க்குப் பின் வந்த ஒரு சிறு நூலைத் தேடுகிறவர் முதலில் இவ்வாயில்களைத் தட்டுவது முறை.

அதற்கு முந்தைய நூல்களுக்கும் ஒரு தடம் உண்டு. 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, ஒவ்வொரு மாகாணத்திலும் அச்சான நூல்களைப் பதிவு செய்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க கெஜட்டில் பட்டியல் வெளியிடுவார்கள். நூலின் பெயர், ஆசிரியர், அச்சகம், பக்கம், அச்சிட்ட படிகள், விலை எல்லாம் அதில் காணும். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு அந்தப் பட்டியலைக் கண்டால் ஒரு மகிழ்ச்சி. யாரோ ஒரு குமாஸ்தா, அது உயர்ந்த இலக்கியமா தாழ்ந்த இலக்கியமா என்று பாராமல், நாலணா நாவலையும் நான்கு ரூபாய்க் காவியத்தையும் ஒரே கையெழுத்தில் பதிந்துவைத்தார். அந்த நடுநிலைமை இன்று எவ்வளவு உதவுகிறது!

நம் நகரத்திலேயே கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையிலும், கோட்டைப் பகுதியில் பவுண்டன் அருகிலும் பழைய புத்தகக்காரர்கள் இருக்கிறார்கள். மாட்டுங்காவைச் சுற்றியுள்ள தென்னிந்தியக் குடும்பங்கள் கழித்துவிடும் கட்டுகளில் எப்போதாவது தமிழ் எழுத்து தலைகாட்டும். விற்பவருக்கு அது எந்த மொழி என்று தெரியாது. ஆகவே விலையும் அதிகம் சொல்லார். ஆயினும் உண்மையான சுரங்கம் நடைபாதையன்று. நம் வீட்டுப் பரண்களே.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்றால், சென்ற ஆண்டு கண்ட ஒரு நிகழ்ச்சி காரணம்.

ரயில்வேயில் ஒருவர் ஓய்வு பெறும்போது வீட்டுச் சாமான்களை ஊருக்குக் கொண்டுசெல்லக் கிட் பாஸ் தருவார்கள். பார்சல் ஆபீஸில் உள்ள நமக்கு அத்தகைய சாமான்களைக் காண்பது அன்றாட வேலை. கட்டில், பீரோ, இட்லிப் பாத்திரம், துளசி மாடம் வரையில் ஏறும். புத்தகம் ஏறுவது அபூர்வம். பெட்டி கட்டத் தொடங்கும் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே குரல் எழும்: "இதை எல்லாம் ரத்திவாலாவுக்குப் போட்டுவிடுங்கள்."

கல்யாண் ரயில்வே குடியிருப்பில் நண்பர் ஒருவர் அவ்வாறு வீட்டைக் காலி செய்தார். உதவிக்குச் சென்றிருந்தோம். அவருடைய மாமியாருக்கு வயது எண்பத்தெட்டு. கண்பார்வை பெரும்பாலும் போய்விட்டது. அவருடைய தகரப் பெட்டியில் ஐந்து பைண்டு புத்தகங்கள் இருந்தனவாம். பெட்டியைத் திறந்தபோது மூன்றுதான் இருந்தன. மாத இதழ்களிலிருந்து தொடர்கதைகளைப் பிரித்தெடுத்துத் தைத்த தொகுதிகள். இரண்டை, அட்டை இற்றுப்போனதென்று, அந்த வாரமே பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போட்டிருந்தார்கள். வீட்டாரைக் குறை சொல்ல வழியில்லை. அவர்களுக்கு அவை காகிதம். நாம் கடைக்கு ஓடினோம். "லாரி செவ்வாய்க்கிழமையே போய்விட்டது" என்றார் கடைக்காரர். போனது போனதுதான்.

எஞ்சியவற்றைப் புரட்டினோம். ஒன்றில் அம்மையாரின் நாவல் ஒன்று முதல் அத்தியாயம் முதல் முடிவு வரை இருந்தது. மற்றவை வேறு ஆசிரியர்களுடையவை. ஓரங்களில் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது. பாட்டியின் தாயார் எழுதியவை அவை. முதல் பக்கங்களில் எழுத்து கோணலாக, பிள்ளைகள் எழுதுவதுபோல் இருந்தது. சில சொற்கள் அச்சைப் பார்த்து அப்படியே திரும்ப எழுதப்பட்டவை. பக்கங்கள் செல்லச் செல்ல எழுத்து நேராயிற்று. நடுவில் பால் கணக்கு. பின்னர் ஒரு குழந்தை பிறந்த நாளும் நட்சத்திரமும். மாமியார் கொடுமையை விவரிக்கும் ஓர் இடத்தில் "உண்மை" என்று ஒரே ஒரு சொல்.

பாட்டியிடம் கேட்டோம். "அம்மா பள்ளிக்கூடம் போகவில்லை, தம்பி. இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுத்துக் கற்றுக்கொண்டாள். அப்பா வெளியே போன பிறகு எழுதுவாள். என்னை மடியில் வைத்துக்கொண்டு படிப்பாள்" என்றார்.

எழுதத் தெரியாமல் தொடங்கிய ஓர் ஆசிரியை. அவரைப் படிப்பதற்காகவே எழுத்தறிந்த ஒரு வாசகி. எந்த ஆராய்ச்சி நூலிலும் இல்லாத இச்செய்தி ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது.

"பாட்டி, இவற்றை எங்களிடம் கொடுத்தால் பத்திரமாக வைத்திருப்போம்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எடுத்துக்கொண்டு போ, தம்பி. எனக்குத்தான் கண் தெரியவில்லையே. ஆனால் எனக்கு ஒரு தடவை யாராவது படித்துச் சொன்னால் நன்றாக இருக்கும். இந்த வீட்டில் இப்போது தமிழ் படிக்கிறவர்கள் இல்லை" என்றார்.

பேத்திக்குப் பதினேழு வயது. மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் தங்குதடையின்றி வரும். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. அவள் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தாள். "அண்ணா, கொள்ளுப்பாட்டி இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள் என்றால், நானும் இதையே பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்று கேட்டாள்.

சேகரிப்பவனுக்கு அப்போது ஒரு சோதனை. அத்தொகுதி நம் அலமாரியில் இருந்தால் பூச்சி அரிக்காது, மழை படாது. அவ்வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு தொகுதிகள் சென்ற வழி கண்முன்னே இருந்தது. ஆயினும் ஒன்று தெளிவாயிற்று. நம் அலமாரியில் அது ஒரு பழைய நாவல். அந்தப் பெண்ணின் கையில் அது அவளுடைய அரிச்சுவடி. ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டோம். அட்டைக்குத் துணி ஒட்டித் திருப்பிக் கொடுத்தோம். கிட் பாஸில் பீரோவும் துளசி மாடமும் ஏறிய வண்டியில் அந்த மூன்று தொகுதிகளும் ஏறின. அவள் ஊரிலிருந்து தமிழில் எழுதிய முதல் கடிதம் நமக்கு வந்துசேர்ந்தது. ஏழு வரிகள். பிழைகள் ஒன்பது. 'ழ'கரம் மட்டும் எல்லா இடத்திலும் சரியாக இருந்தது.

எனவே சேகரிப்பு என்பது தன் வீட்டில் கொண்டுவந்து குவிப்பது அன்று என்பது நம் கருத்து. பொருள் இருக்குமிடத்தைக் குறிப்பதும், அழியாமல் வழிசெய்வதும், படிப்பவர் கையில் சேர்ப்பதும் சேகரிப்பே. அதற்குப் பரணில் பாதி வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இதில் சட்டத்தின் துணையும் உண்டு. நம் நாட்டில் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். அம்மையார் 1960இல் மறைந்தார். ஆகவே 2021ஆம் ஆண்டு பிறந்தது முதல் அவருடைய நாவல்கள் பொதுச்சொத்து. அவற்றைப் படியெடுக்கலாம், அச்சிடலாம், பிறருக்கு வழங்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டுவதில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பிற்காலத்தவர் எழுதிய சிறு நூல்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் உரிமை அவ்வாசிரியர்களுடையது. அத்தகைய நூலை விலைகொடுத்து வாங்குவதே முறை.

பாதுகாக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றிலேயே ஈரம். குளியலறையை அடுத்த சுவரோரம் நூல்களை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். உள்சுவர் ஓரமாக, தரையிலிருந்து உயர்த்தி, காற்றுப் புகும்படி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுவது நன்மையன்று. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியிராது. சுத்தமான பழைய பருத்தித் துணியில் சுற்றி வைக்கலாம். இராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நம் முன்னோர் கண்ட மருந்து. மழை நின்றதும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் காகிதம் மேலும் ஒடியும்.

கிழிந்த பக்கத்துக்கு ஒட்டு டேப் போடாதீர்கள். சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்து எழுத்தைத் தின்றுவிடும். பைண்டரிடம் கொடுக்க நேர்ந்தால் மூன்று செய்திகளைச் சொல்லிக் கொடுங்கள். ஓரம் வெட்ட வேண்டாம். வெட்டினால் ஓரத்தில் பாட்டி எழுதியது போய்விடும். மேலட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் கழிக்க வேண்டாம். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சச் சொல்லுங்கள், பூச்சி அண்டாது. காகிதம் மிகவும் ஒடிவதாக இருந்தால் தைக்கவே வேண்டாம். கெட்டி அட்டை இரண்டுக்கு நடுவே வைத்து நாடாவால் கட்டினால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னர், கைபேசியால் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், ஓரம் தெரியும்படி எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் ஒரு நாவல் முடிந்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் அவர்கள் பக்க எண்ணையாவது தமிழ்த் தலைப்பையாவது கண்ணால் காண்பார்கள். அதுவும் ஒரு லாபமே.

நிறைவாக, அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இம்மாதம் ஒரு நாள் உங்கள் வீட்டுப் பரணையும், தாய் தந்தையர் பெட்டியையும் திறந்து பாருங்கள். வை. மு. கோ. அம்மையாருடையதோ, அவரைப் பற்றியதோ, அக்காலத்து வேறு பெண் எழுத்தாளர் எவருடையதோ ஒரு தாள் கிடைத்தாலும் ஒரு சீட்டில் குறித்தனுப்புங்கள். நூலின் பெயர், ஆண்டு, அச்சகம், விலை, பக்கம், யாருடைய பெயர் எழுதியிருக்கிறது, அவர் எந்த ஊர், எப்போது இந்நகருக்கு வந்தார் என்னும் எட்டுச் செய்திகள் போதும். நூலை அனுப்ப வேண்டாம். அது உங்களிடமே இருக்கட்டும். வரும் சீட்டுகளைத் தொகுத்துச் சங்க நூலகத்தில் ஒரு பட்டியலாக வைப்போம். எந்த நூல் எந்த வீட்டில் இருக்கிறது என்பது தெரிந்தால், தேடுபவர் கேட்டுப் படிக்கலாம். வீட்டைக் காலி செய்பவரும் எடைக்குப் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லலாம்.

படிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கண் மங்கிய மூத்தோர் உங்கள் கட்டிடத்தில் யாரேனும் இருந்தால், வாரத்தில் அரைமணி நேரம் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுங்கள். எந்த அத்தியாயத்தில் நிறுத்தினீர்கள் என்பதை அடுத்த வாரம் அவர்களே உங்களுக்கு நினைவூட்டுவார்கள்.

அடுத்த இதழில், பழைய ரயில்வே கால அட்டவணைகளையும் அவற்றில் மறைந்துபோன நிலையப் பெயர்களையும் பற்றி எழுத எண்ணுகிறோம். உங்கள் வீட்டில் அத்தகைய புத்தகம் இருந்தால், மாத முடிவுக்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.